சந்தனக் காடும் சங்கத்தின் காவலும்

அங்கத்தினர் கல்விப் பகுதியில் இம்மாதம் சந்தனக் காட்டைப் பற்றிப் பயில எடுத்துக்கொள்கிறோம். நூல் விலை, சாயம், விதை, உரம், கடன் தவணை ஆகியவற்றைப் பற்றிப் பேசவேண்டிய இதழில் காட்டுக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. அதற்கு விடை இரண்டு வகையில் உண்டு.

முதலாவது தண்ணீர். செய்யாறும் கமண்டல நாகநதியும் ஜவ்வாது மலையில் பிறந்து கீழே இறங்குகின்றன. ஆரணியின் பட்டு நெசவாளரும் அவ்வாற்றுப் படுகைகளின் உழவரும் அம்மலையின் நிழலில் வாழ்பவர்களே. பட்டு நூலின் பசையை நீக்கவும் சாயம் தோய்க்கவும் நல்ல தண்ணீர் வேண்டும்; நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் கிணற்றில் ஊற்று வேண்டும். பெய்யும் மழையை ஒரே நாளில் ஓடவிடாமல் பிடித்து வைத்துச் சிறுகச் சிறுக விடுவது மலைக்காடு. காடு குலையுமாயின், பாவு ஓடும் தெருவிலும் பாத்தி கட்டிய வயலிலும் அதன் விளைவு தெரியாமற் போகாது.

இரண்டாவது, சந்தனக் காட்டைப் பீடித்த கேடுகளின் தன்மை. அவை இரண்டு: திருட்டு ஒன்று, நோய் மற்றொன்று. திருட்டைக் காவற்படையாலும் நோயை மருந்தாலும் மட்டும் ஒழிக்க முடியவில்லை என்பதை நூறாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் காட்டுகிறது. காட்டருகே வாழும் மக்கள் ஒன்றுகூடிச் செய்யவேண்டிய பணி ஒன்று இடையில் எஞ்சி நிற்கிறது. அப்பணி யாது, அதில் நம் சங்கங்களின் பங்கு யாது என்பதே இப்பாடத்தின் பொருள்.

1. மரத்தின் இயல்பு

காவலைப் பற்றிப் பேசுமுன் காக்கப்படும் பொருளை அறிந்துகொள்ள வேண்டும். சந்தன மரம் தன் உணவு முழுவதையும் தானே தேடிக்கொள்வதில்லை. அதன் இலைகள் பச்சையாக இருப்பதால் வெயிலைக்கொண்டு உணவு சமைக்க வல்லவை. ஆயினும் நீரிலும் உப்புச் சத்துக்களிலும் ஒரு பகுதியை அது அண்டை மரங்களிடமிருந்து பெறுகிறது. மண்ணுக்குள் அதன் மெல்லிய வேர்கள் பிற மரங்களின் வேர்களைத் தேடிச் சென்று, உறிஞ்சு குமிழ்களால் பற்றிக்கொள்கின்றன. இத்தகைய மரத்தை அரை ஒட்டுண்ணி என்பர். துவரை, புங்கம், வேம்பு, சவுக்கு, வேல மர வகைகள் முதலியன அதற்குத் துணை நிற்பவை. தனித்து நட்ட சந்தனம் தழைப்பதரிது. சுற்றம் சூழ வாழ்வதே அதன் இயல்பு. ஆகவே சந்தனத்தைக் காப்பாற்ற வேண்டுமாயின், அதைச் சூழ்ந்த காட்டையும் சேர்த்தே காப்பாற்ற வேண்டும்.

மரத்தின் விலையெல்லாம் அதன் உள்ளே உள்ளது. வெளிக்கட்டை வெளுத்தது, மணமற்றது. நடுவில் அமைந்த சேகு எனப்படும் வைரக் கட்டையிலும் வேரிலுமே எண்ணெய் உண்டு. வேரில் எண்ணெய் மிகுதி. சேகு பிடிக்கத் தொடங்கவே ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆகும். நல்ல பருமனும் மணமும் பெற 30 ஆண்டுகளோ அதற்கு மேலுமோ வேண்டும். பாட்டன் காலத்தில் பறவை உதிர்த்த விதை பேரன் காலத்தில் வைரம் பாய்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை பெறப்படும். நெல் களவு போனால் அடுத்த பட்டத்தில் மீண்டும் விளைவிக்கலாம். ஆடு களவு போனால் இரண்டு மூன்று ஆண்டுகளில் மந்தையை நிரப்பலாம். முற்றிய சந்தனம் ஒன்று களவு போனால், அவ்விடத்தை நிரப்ப ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும்.

2. பழங்காடு என்னும் மூலதனம்

சங்கத்தின் கணக்குகளில் மூலதனம் வேறு, ஆதாயம் வேறு என்பதை நம் அங்கத்தினர் நன்கு அறிவர். பங்குத் தொகையை எடுத்து ஈவுத் தொகை வழங்கும் சங்கம் சில ஆண்டுகள் செழிப்பாகத் தோன்றும். பின்னர் கதவைச் சாத்தும். காட்டுக்கும் இதே கணக்குப் பொருந்தும். இயற்கையாக வளர்ந்து முற்றிய தாய் மரங்களே காட்டின் மூலதனம். அவை தரும் விதை, அவ்விதையிலிருந்து எழும் கன்றுகள், காய்ந்து விழும் மரங்கள் ஆகியன ஆதாயம்.

தாய் மரங்கள் நிற்கும்வரை காடு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். சந்தனத்தின் கருநீலப் பழங்களைப் பறவைகள் தின்று விதையைப் பல இடங்களில் பரப்புகின்றன. வெவ்வேறு மரங்களின் வழித்தோன்றல்கள் கலந்து நிற்பதால், ஒரு நோய் வந்தால் சில மடியினும் சில தாங்கும். தாங்கி நின்ற மரமே அடுத்த தலைமுறைக்கு விதை. தோட்டத்தில் ஒரே வகைக் கன்றை ஆயிரக்கணக்கில் நட்டாலும் பழங்காட்டின் இப்பன்மை அதில் அமையாது. ஆகவே தோப்புகள் பெருகி வருவதால் இயற்கைக் காடு அழிந்தால் அழியட்டும் என்று வாதிடுவது பொருந்தாது. தோப்புக்கும் நல்ல விதை காட்டிலிருந்தே வரவேண்டும்.

இம்மூலதனம் எவ்வளவு குறைந்துள்ளது என்பதை விளைச்சல் கணக்கே சொல்லும். 1950களில் இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 டன் சந்தனக் கட்டை கிடைத்து வந்தது. பின்னர் அது சில நூறு டன்களாக இறங்கியது. ஜவ்வாது மலை, ஏலகிரி, சித்தேரி மலை, சத்தியமங்கலம் முதலிய இடங்கள் சந்தனத்துக்குப் பெயர் பெற்றவை. திருப்பத்தூர், சேலம், சத்தியமங்கலம் ஆகிய ஊர்களில் அரசாங்கச் சந்தனக் கிடங்குகள் அமைந்ததும் அதனாலேயே. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தனது பட்டியலில் இம்மரத்தை அழிவுக்கு இலக்காகக்கூடிய இனமாகச் சேர்த்துள்ளது.

3. திருட்டின் வழி

சந்தனத் திருட்டு ஏனைய மரத் திருட்டினின்றும் வேறுபட்டது. தேக்கை வெட்டினால் அடிக்கட்டை மிஞ்சும். சந்தனத்திலோ வேரிலும் எண்ணெய் இருப்பதால், மரத்தைத் தோண்டி வேரோடு பெயர்த்துவிடுகின்றனர். எஞ்சுவது குழி ஒன்றே. சேகு பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே இளமரங்களில் துளையிட்டும் வெட்டியும் பாழாக்குவது உண்டு. பயனுள்ள மரம் ஒன்றைக் கொண்டுபோக, பயனற்ற மரங்கள் சிலவும் மடிகின்றன.

இத்தொழிலின் இலாபம் யாருக்குச் செல்கிறது என்பதை அங்கத்தினர் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். கணக்கின் பொருட்டு, ஒரு மரத்தில் 10 கிலோ சேகு இருப்பதாகவும் கிலோ ரூ. 10,000 விலை போவதாகவும் வைத்துக்கொள்வோம். மொத்தம் ரூ. 1,00,000. இரவோடு இரவாகக் காட்டுக்குள் சென்று, யானைக்கும் பாம்புக்கும் அஞ்சி, மரத்தைப் பெயர்த்துத் தோளில் சுமந்து வந்தவனுக்குக் கிடைப்பது சில நாட் கூலி. மிச்சம் அனைத்தும் தரகர், வண்டிக்காரர், பதுக்கி வைப்பவர், வெளியூர் வணிகர் கைகளுக்குப் போகும். பிடிபடும்போதோ முதலில் சிக்குபவன் கூலிக்காரனே. 1982 ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் தடுப்புக் காவல் சட்டம், குண்டர் சட்டம் என்று மக்கள் வழங்கும் அச்சட்டம், வனக் குற்றவாளிகளையும் தன் எல்லைக்குள் அடக்கியுள்ளது. தரகனின் பெயரைக்கூட அறியாதவன் அச்சட்டத்தின்கீழ் சிறை செல்லக்கூடும்.

தமிழ்நாடு, கர்நாடக எல்லைக் காடுகளில் வீரப்பன் கூட்டத்தார் பல ஆண்டுகள் யானைத் தந்தமும் சந்தனக் கட்டையும் கடத்தியது அனைவரும் அறிந்ததே. 2004 அக்டோபர் 18 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டதோடு அக்கதை முடிந்தது. ஆனால் அக்கதைக்குள் நாம் பயிலவேண்டிய வேறொரு வாழ்க்கை இருக்கிறது. கர்நாடக வன அதிகாரி பி. சீனிவாஸ் என்பவர், வீரப்பனின் ஊராகிய கோபிநத்தத்தில் மக்களிடையே தங்கிப் பணியாற்றினார். ஊராரின் நம்பிக்கையைப் பெறாமல் காட்டைக் காக்க இயலாது என்பது அவர் கொள்கை. மருத்துவ உதவிக்கும் வீட்டு வசதிக்கும் வழி செய்தார். அவ்வூரில் மாரியம்மன் கோயில் எழவும் துணை நின்றார். வீரப்பன் சரணடையப் போவதாக வந்த சொல்லை நம்பிச் சென்ற அவர், 1991 நவம்பர் 10 அன்று கொல்லப்பட்டார். நாடு அவருக்குக் கீர்த்தி சக்கர விருதளித்துச் சிறப்புச் செய்தது. அவர் உயிர் போயிற்று. எனினும் அவர் கண்ட வழி பிழையன்று. காட்டருகே உள்ள ஊர் யார் பக்கம் நிற்கிறதோ, அவர் பக்கமே காடும் நிற்கும்.

சந்தனம் அருகிய பின் திருட்டு முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. தரகர்களின் கண் செம்மரத்தின்மீது திரும்பியது. செம்மரம் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில். சிறப்பாக ஆந்திரத்தின் சேஷாசலம் முதலிய காடுகளில். மரம் வெட்டிப் பழகிய கைகளைத் தேடித் தரகர்கள் நம் மலைகளுக்கு வந்தனர். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறையினர் சுட்டதில் 20 பேர் இறந்தனர். அவர்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். ஜவ்வாது மலைப் பகுதியினரும் அவர்களுள் இருந்தனர். அந்நிகழ்ச்சி குறித்த வழக்குகளும் வாதங்களும் ஒருபுறம் இருக்க, சங்க ஊழியர்கள் தம்மைக் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட வெறுங்கை மாதங்களில் அம்மக்களுக்கு முன்பணம் தர ஊரில் தரகனைத் தவிர வேறு யாரேனும் இருந்தார்களா?

4. ஸ்பைக் நோய்

இனி இரண்டாவது கேட்டினைக் காண்போம். சந்தன மரத்தைக் கொல்லும் நோய்களுள் தலையாயது ஸ்பைக் நோய். இது குடகில் 1899 ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 1903க்கும் 1916க்கும் இடையே குடகிலும் மைசூரிலும் ஏறத்தாழ 10 லட்சம் மரங்கள் இந்நோய் காரணமாக அகற்றப்பட்டன. இதற்கு மருந்து கண்டுபிடிப்பவருக்கு ரூ. 10,000 பரிசளிப்பதாக மைசூர் மகாராஜா 1907இல் அறிவித்தார். பின்னர் சேலம் பகுதியிலும் இந்நோய் பரவி, 1917க்கும் 1925க்கும் இடையே ஏறத்தாழ ஒரு லட்சம் மரங்களைப் பலி கொண்டது. கேரளத்தின் மறையூரில் வேலியிட்டுக் காவல் புரிந்து பேணப்படும் புகழ்பெற்ற சந்தனக் காட்டையும் அது விட்டுவைக்கவில்லை.

நோயின் காரணம் நெடுநாள் விளங்கவில்லை. 1969இல்தான் ஆராய்ச்சியாளர் மின்னணு நுண்ணோக்கியின் துணைகொண்டு, மரத்தின் உணவுக் குழாய்களில் செல்சுவரற்ற நுண்கிருமி ஒன்று வாழ்வதைக் கண்டனர். இன்று அதை ஃபைட்டோபிளாஸ்மா என்று அழைக்கிறோம். சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிகள் நோயுற்ற செடியிலிருந்து நலமுள்ள செடிக்கு அதைக் கொண்டுசெல்கின்றன. இக்கிருமி குடியேறிய மரத்தில் இலை சமைத்த மாவுச்சத்து கீழே இறங்காமல் இலைகளிலேயே தேங்கும். வேர்நுனிகள் பட்டினியால் மடியும். அண்டை மரங்களைப் பற்றியிருந்த உறிஞ்சு குமிழ்களும் அழியும். சுற்றத்தின் துணையை இழந்த மரம், அடையாளம் தெரிந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் பட்டுப்போகும்.

நோயின் அடையாளங்களை ஒவ்வொரு அங்கத்தினரும் மனத்திற்கொள்ள வேண்டும்.

(அ) புதிதாக வரும் இலைகள் ஆண்டுக்கு ஆண்டு, துளிருக்குத் துளிர் சிறுத்துக்கொண்டே போகும்.

(ஆ) இலைக்கும் இலைக்கும் இடையே உள்ள கணு இடைவெளி குறுகிக் கிளை முழுவதும் இலை அடர்ந்து காணும்.

(இ) இலைகள் தொங்காமல் விறைத்து, முள் போல் வெளிநோக்கி நிற்கும். கிளை ஒரு கதிர் போலத் தோன்றுவதாலேயே ஸ்பைக் என்ற பெயர் வந்தது.

(ஈ) இலைகளின் பச்சை வெளிறி மஞ்சளாகும். சிலவற்றில் செம்மை ஏறும்.

(உ) பூ பூத்தாலும் காய் பிடிக்காது.

பெரும்பாலும் இவ்வடையாளங்கள் முதலில் ஒரு கிளையில் தோன்றிப் பின்னரே மரம் முழுவதும் பரவும். வறட்சியால் வாடும் மரத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது. வறட்சியில் இலை துவளும், உதிரும். மழை பெய்தால் மரம் தேறும். ஸ்பைக் கண்ட மரத்தில் இலை துவளாமல் விறைக்கும். மழையால் அது தேறாது.

மருந்து உண்டா எனின், உறுதியான மருந்து இன்றளவும் இல்லை என்றே சொல்லவேண்டும். டெட்ராசைக்ளின் என்னும் மருந்தை மரத்தினுள் செலுத்தினால் சில காலம் புதிய நல்லிலை விடும். பின்னர் நோய் திரும்பும். பரந்த காட்டில் மரந்தோறும் இதைச் செய்துகொண்டிருக்க இயலாது. ஆகவே நோயுற்ற மரத்தைக் காலத்தே கண்டறிந்து அகற்றுதல், நோயற்ற விதையையும் கன்றையும் மட்டுமே பயன்படுத்துதல், நோயைத் தாங்கி நிற்கும் மரங்களைத் தேடிப் பேணுதல் ஆகிய மூன்றுமே கைக்கொள்ளத்தக்க வழிகள். அடையாளம் வெளிப்படாத மரத்திலும் கிருமி இருக்கக்கூடும் என்பதால், மரபணுச் சோதனையே ஐயத்தைத் தீர்க்கும். பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இத்துறையில் ஆராய்ச்சி நடத்தி வருகிறது.

5. கேடுகள் இரண்டும் கைகோத்தல்

திருட்டும் நோயும் தனித்தனியே வந்தால் காடு ஒருவாறு சமாளிக்கும். ஒன்றுக்கொன்று துணை செய்வதே ஆபத்து. எவ்வாறெனின், திருடன் தேடுவது முற்றிய மரத்தை. பல ஆண்டுகளாக நோய்க்கு ஈடுகொடுத்து நின்ற மரமும் அதுவே. அதைப் பெயர்த்தெடுக்கும்போது நோய் தாங்கும் விதையும் உடன் போகிறது. மிஞ்சுவன இளையனவும் மெலிந்தனவும். தாய் மரங்கள் அருகி ஒன்றுக்கொன்று தொலைவாகிவிட்டால் நல்ல மகரந்தக் கலப்பு நிகழாது; விதையின் வீரியம் குன்றும்.

மறுபுறம், நோயால் பட்டுப்போன மரத்திலும் சேகின் மணம் போவதில்லை. காய்ந்து நிற்கும் மரம் திருடனை வாவென்று அழைக்கும். பட்ட மரம்தானே என்று ஊரார் அசட்டையாக இருக்கும் வேளையில், அதன் பெயரால் பச்சை மரமும் வெளியேற இடமுண்டு. எந்த மரம் எங்கே நின்றது, எப்போது நோயுற்றது, யார் அகற்றினர் என்ற பதிவு இல்லாத இடத்தில், களவுக்கும் நோய்க்கும் வேறுபாடு தெரியாமற் போகிறது. பேரேடு எழுதாத சங்கத்தில் நட்டமும் கையாடலும் ஒரே பத்தியில் மறைந்துபோவதை இதனோடு ஒப்பிடலாம்.

6. சட்டத்தின் நிலை

மைசூரில் 1792இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரச மரமாக, அதாவது அரசுக்கே உரிய மரமாக அறிவித்தார். அக்கருத்து நெடுங்காலம் நீடித்தது. தம் நிலத்தில் முளைத்த மரமேயாயினும் உழவர் அதன் முழு உரிமையாளர் அல்லர். காக்கும் பொறுப்பு அவருடையது; களவு போனால் விசாரணைக்கு ஆளாகும் அச்சமும் அவருடையது; பலனிலோ ஒரு பகுதியே அவருக்கு. இதன் விளைவை எளிதில் ஊகிக்கலாம். வரப்பில் முளைத்த சந்தனக் கன்றை ஓசையின்றிப் பிடுங்கி எறிந்துவிடுவதே நலம் என்று பலர் கருதினர்.

கர்நாடகம் 2001இலும் தமிழ்நாடு 2002இலும் சட்டத்தைத் திருத்தி, பட்டா நிலத்துச் சந்தன மரம் நில உடைமையாளருக்கே உரியது என்று ஆக்கின. தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2008இல் வகுக்கப்பட்டன. உரிமை நம்முடையதாயினும், வெட்டுவதற்கும் எடுத்துச் செல்வதற்கும் விற்பதற்கும் வனத்துறையின் இசைவு வேண்டும் என்பதை மறக்கலாகாது. இசைவின்றி வெட்டிய சொந்த மரமும் சட்டத்தின் கண்ணில் களவுமரமே.

2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் மக்களுக்குச் சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை தந்ததோடு, காட்டையும் அதன் உயிரினங்களையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் வழங்கியுள்ளது. 1997 முதல் தமிழ்நாட்டில் கிராம வனக்குழுக்கள் அமைக்கப்பட்டு வந்துள்ளன. ஆகவே காட்டைக் காப்பதில் நமக்கு என்ன அதிகாரம் என்று கைகட்டி நிற்கவேண்டிய நிலை இப்போது இல்லை.

7. சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவது, மரப் பதிவேடு. ஒவ்வொரு சங்கமும் தன் எல்லைக்குட்பட்ட அங்கத்தினர்களின் நிலங்களில் உள்ள சந்தன மரங்களுக்கு ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளலாம். சர்வே எண், மரத்தின் சுற்றளவு, துணை மரங்கள், நலம், பார்வையிட்ட நாள் ஆகிய பத்திகள் போதும். ஆண்டுக்கு இருமுறை பார்வையிட்டுக் குறிக்க வேண்டும். கிராம அடங்கலில் அம்மரங்கள் ஏறியுள்ளனவா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்பதிவேடு பலர் கண்ணில் படும்படி அலுவலகத்தில் தொங்கவேண்டியதன்று. செயலாளரின் பொறுப்பில் பூட்டி வைக்கப்படவேண்டியது. எங்கே முற்றிய மரம் நிற்கிறது என்ற செய்தியே திருடனுக்கு வேண்டியது.

இரண்டாவது, நோய் அறிவிப்பு. மேற்கூறிய அடையாளங்களுள் இரண்டு மூன்று ஒருசேரக் காணப்பட்டால் உடனே வனச்சரக அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தாமே வெட்டுதல் கூடாது. மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி வைத்தல் நலம். தனி உழவர் எழுதும் மனுவைவிடச் சங்கத்தின் தீர்மானத்தோடு செல்லும் மனுவுக்கு எடை மிகுதி.

மூன்றாவது, கன்றும் விதையும். சந்தனம் நட்டால் கோடி கிடைக்கும் என்று ஆசை காட்டிக் கன்று விற்போர் இன்று பலர். கன்றின் தாய் மரம் எங்கே நின்றது, அங்கே ஸ்பைக் உண்டா என்று கேட்டால் அவர்களுள் விடை சொல்லத் தெரிந்தவர் சிலரே. நோய் கண்ட காட்டிலிருந்து விதையோ கன்றோ எடுத்து வருதல் ஆகாது. கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனத்தையோ வனத்துறை நாற்றங்காலையோ அணுகி, சங்கமே மொத்தமாகக் கன்று பெற்று வழங்குவது பாதுகாப்பானது. நடும்போது துவரையோ வேறு துணைச் செடியோ உடன் நடவேண்டும் என்பதையும், வருவாய்க்கு 15, 20 ஆண்டுகளுக்குக் குறையாமல் காத்திருக்கவேண்டும் என்பதையும், காவற்செலவு பிற்காலத்தில் ஏறும் என்பதையும் அங்கத்தினருக்கு மறைக்காமல் சொல்லவேண்டும். கடன் வாங்கிச் சந்தனம் நட்டு, அதை நம்பி அன்றாடச் செலவுக்குக் காத்திருப்பது அறிவுடைமை ஆகாது.

நான்காவது, கடனும் கொள்முதலும். இதுவே அனைத்திலும் முக்கியமானது என்பது நமது கருத்து. தரகன் மலையூருக்குள் நுழைவது முன்பணம் என்னும் வாயில் வழியாகவே. அவ்வாயிலைச் சங்கம் அடைக்கலாம். மலைவாழ் மக்களுக்கான பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் இதற்கென்றே தோன்றியவை. புளி, தேன், கடுக்காய் முதலிய வன மகசூலையும் மலையில் விளையும் சாமையையும் பருவத்தில் நேர்மையான எடையோடு கொள்முதல் செய்து, உடனுக்குடன் பணம் பட்டுவாடா செய்தால், முன்பணத்தின் கவர்ச்சி பாதியாகக் குறையும். வேலையற்ற மாதங்களுக்கு முன்னரே சிறு கடன் கிடைக்குமாயின் மறுபாதியும் குறையும். சமவெளிச் சங்கங்கள் மலைச் சங்கங்களின் பொருள்களை வாங்கித் தம் பண்டகசாலைகளில் விற்பதும் காட்டுக்குச் செய்யும் காவலே.

ஐந்தாவது, வாங்குவோர் கடமை. சந்தையிலும் திருவிழாவிலும் மலிவாகக் கிடைக்கும் சந்தனத் துண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்குதல் கூடாது. பூசைக்கும் திருமணத்துக்கும் வேண்டிய சந்தனத்தை அரசாங்க விற்பனை நிலையத்திலோ இரசீது தரும் கடையிலோ மட்டும் வாங்குவோம் என்று நெசவாளர் சங்கங்களும் தீர்மானிக்கலாம். வாங்குவோர் இல்லாத களவுப் பொருளைத் திருட எவரும் இரவில் காட்டுக்குள் செல்லமாட்டார்.

ஆறாவது, தீயும் மேய்ச்சலும். சந்தனத்தின் பட்டை மெல்லியது, தரைத்தீயையும் தாங்காது. கோடையில் உண்ணிச்செடிப் புதர் காய்ந்து தீக்கு இரையாகிறது. தீத்தடுப்புக் கோடு வெட்டும் காலத்தில் கிராம வனக்குழுவோடு சங்கமும் ஆள் தந்து உதவலாம். இளங்கன்று உள்ள இடத்தில் ஆடு மேய்வதைச் சுழற்சி முறையில் தள்ளி வைக்கலாம்.

8. ஓர் ஐயமும் விடையும்

இவையெல்லாம் வனத்துறையின் வேலையல்லவா, சங்கம் ஏன் சுமக்க வேண்டும் என்ற ஐயம் எழலாம். வனத்துறையின் பொறுப்பை நாம் ஏற்றுக்கொள்ளப் போவதில்லை. காவலருக்குப் பதிலாக அங்கத்தினர் தடியெடுத்துக்கொண்டு இரவில் காட்டுக்குள் செல்லவேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. அது ஆபத்து, தேவையும் அன்று. பரந்த மலையில் காவலர் ஒருவர் காணக்கூடியது சிறிதளவே. ஆடு மேய்ப்பவர், விறகு பொறுக்குபவர், தேன் எடுப்பவர் ஆகியோர் கண்ணில் படாத மரம் இல்லை. புதிய குழியையும் சிறுத்த இலையையும் முதலில் காண்பவர் அவர்களே. கண்டதைச் சொல்வதற்கு அவர்களுக்கு அச்சமில்லாத ஓர் இடம் வேண்டும். சொல்வதனால் தம் வாழ்வு கெடாது என்ற உறுதி வேண்டும். அந்த இடமாகச் சங்கம் இருக்க முடியும். கூலிக்குச் சென்ற ஏழையைக் காட்டிக்கொடுப்பது இதன் நோக்கமன்று. அவன் மீண்டும் அவ்வழி செல்லவேண்டிய தேவையை நீக்குவதே நோக்கம்.

1907இல் அறிவித்த பரிசுக்கு உரிய மருந்து இன்னும் கிட்டவில்லை. ஆராய்ச்சி நடக்கட்டும், காவலும் நடக்கட்டும். அதுவரை தாய் மரங்களை நிற்கவைப்பது ஊராரின் கையில் உள்ளது. வரும் பொதுப்பேரவைக் கூட்டத்தில் மரப் பதிவேடு பற்றிய தீர்மானத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு சங்கத் தலைவர்களையும் செயலாளர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.

படிப்பு வட்டத்துக்கான வினாக்கள்

1. சந்தனம் தனித்து நின்றால் தழைக்காமைக்குக் காரணம் யாது?

2. வறட்சியால் வாடிய மரத்துக்கும் ஸ்பைக் நோயுற்ற மரத்துக்கும் உள்ள வேறுபாடுகளைக் கூறுக.

3. திருட்டும் நோயும் ஒன்றுக்கொன்று எவ்வாறு துணை செய்கின்றன?

4. பட்டா நிலத்தில் உள்ள சந்தன மரத்தை வெட்ட விரும்பும் அங்கத்தினர் முதலில் செய்யவேண்டியது யாது?

5. நம் ஊரில் வேலையற்ற மாதங்கள் எவை? அம்மாதங்களில் மக்கள் யாரிடம் முன்பணம் பெறுகின்றனர்? அந்த இடத்தில் நம் சங்கம் நிற்பதற்கு என்ன செய்யவேண்டும்? இவ்வினாவைக் கூட்டமாக அமர்ந்து விவாதித்து, முடிவைச் சங்கத்தின் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைக்கவும்.